மற்றச் சில்லு

"அண்ணா, மற்றச் சில்லை ஆர் களவெடுத்தது?"

திருகோணமலைக்குக் குடிவந்த மூன்றாம் நாள் டச்பே கடற்கரையில் ஒரு பையன் கேட்டான். பத்து வயது இருக்கும். எங்கள் ஊரில் சில்லு என்றால் நொண்டி ஆட எறிகிற ஓட்டுத் துண்டு. இங்கே அது சக்கரம். என் ஒற்றைச் சக்கர சைக்கிளைத்தான் சொல்கிறான் என்று புரிவதற்குள் அடுத்த கேள்வி: "இதில ஓடுவீங்களா?" ஏறி உட்கார்ந்துகொண்டு எப்படி ஓடுவது? ஓட்டுவதைத்தான் இங்கே ஓடுவது என்கிறார்கள்.

இது மனைவியின் ஊர். 1990-இல் படகேறி ராமேஸ்வரம் வந்த குடும்பம், பல வருஷம் கழித்துத் திரும்பியது. நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன். தமிழ் பேசுகிற ஊர்தானே, இதென்ன வெளிநாடு என்ற தைரியம். தெருவில் மான்கள் ஆடு மாதிரி மேய்வது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இடியாப்பத்துக்குச் சொதி இல்லாவிட்டால் இப்போது எனக்கே இறங்குவதில்லை. சைக்கிள் கடைப் பலகையில் 'ரயர், ரியூப்' என்று இருப்பதுகூடக் கண்ணை உறுத்துவதில்லை. கூட ஓட்ட ஆள் இல்லாததுதான் பழகவேயில்லை.

பெசன்ட் நகரில் நாங்கள் நான்கு பேர். ஞாயிறு விடியும் முன் கடற்கரைச் சாலையில் கூடிவிடுவோம். அதில் ஒருவன், என் கையைப் பிடித்தபடி மாசக்கணக்கில் பக்கத்திலேயே நடந்து கற்றுக்கொடுத்தவன். நான் விழுந்தால் அவனும் சேர்ந்து விழுவான். அப்புறம் சிராய்த்த முழங்காலோடு இட்லிக் கடை. அந்தச் சாம்பார்... சரி, விடுங்கள்.

இங்கே வண்டியை வெளியே எடுத்தாலே "சர்க்கஸ்காரர் வாறார்" என்று ஒரு குரல் கேட்கும். சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஒற்றைச் சக்கரம், அதன்மேல் ஒற்றை ஆள் என்றால் பார்க்கவே பாவமாக இருக்காதா? ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாமனாரிடம் கொட்டித் தீர்த்தேன். இதற்கென்று 1982-லேயே சர்வதேசச் சம்மேளனம் வந்துவிட்டது மாமா. 1984-இல் அமெரிக்காவின் சிரக்யூஸில் முதல் யூனிகான் மாநாடு நடந்தது. ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் இதை ஓட்டி விளையாடுகிறார்கள். ஜெர்மனியில் இதில் ஏறி ஹாக்கி ஆடுகிறார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ஓம் தம்பி, தேத்தண்ணி ஆறப் போகுது."

கடைசியில் ஆள் சேர்த்தது அந்தச் சில்லுக் களவுப் பையன்தான். ஒரு சனிக்கிழமை இரண்டு கூட்டாளிகளோடு வந்து நின்றான். என்னுடையது 20 அங்குலச் சக்கரம், பழகுபவர்களுக்கு ஏற்றது. பெடல் சக்கரத்தோடு நேராகப் பூட்டியிருப்பதால் கால் நின்றால் வண்டியும் நிற்கும், ஆனால் ஆள் நிற்க மாட்டான். உடம்புப் பாரமெல்லாம் சீட்டில் இருக்க வேண்டும், பார்வை தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு பேர் தோளில் அவன் கைகளை வைத்து ஏற்றிவிட்டு, "மிதி! மிதி!" என்று கத்தினேன். ஒவ்வொரு தடவையும் பையன் காலைத் தரையில் ஊன்றி இறங்கிவிட்டான்.

"ஏண்டா இறங்குற?"

"நீங்கதானே மிதிக்கச் சொன்னீங்க!"

பக்கத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த அக்காவால் பொறுக்க முடியவில்லை. "உழக்கச் சொல்லுங்க தம்பி. டேய், உழக்கடா!"

உழக்கினான். நாலு மீட்டர், யாரும் பிடிக்காமல்.

சம்மேளனத்தின் திறன் படிகளில் முதல் படிக்கே 50 மீட்டர் வேண்டும். இதைச் சொன்ன நாளிலிருந்து மூன்று பேரும் மதிலிலிருந்து அடியளந்து கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஜூனில் ஒருநாள் பாதியிலேயே நிறுத்தி, "கச்சான் அடிக்குது அண்ணா, ஓடேலாது" என்றான் பெரியவன். நான் அக்காவின் கடகத்தைப் பார்த்தேன். வேர்க்கடலை எப்படி அடிக்கும்? மேற்கிலிருந்து சுடச்சுட வீசும் காற்றுக்கும் அதே பெயராம். பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியதும் எனக்கும் விளங்கிவிட்டது.

போன வாரம் பெசன்ட் நகர்க்காரன் போன் செய்தான். இங்கே நன்றாகவே செட்டாகிவிட்டேன், எனக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது என்று அளந்துவிட்டு, இட்லிக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. நீ எப்போ வர்ற?"

"கச்சான் அடங்கட்டும்டா."

"கச்சானா? யாருடா அவன்?"