33 வருடச் சேவைக்கு ஒரு கடிதம்

போன கிழமைதான் நியமனக் கடிதம் கைக்கு வந்தது. வருகைதரு விரிவுரையாளர், கல்வித் தலைமைத்துவ முதுமாணிக் கற்கை, சனி ஞாயிறு வகுப்பு, மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு. ஏதோ பேராசிரியர் பதவி கிடைத்த மாதிரி அக்கா ஒழுங்கை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம். அதில் நேர்முகத் தேர்வுக்கும் மாதிரி விரிவுரைக்கும் போனது அரை மணித்தியாலம்தான். மிச்சக் காலம் முழுக்க, நான் அதிபராக இருந்தேன் என்பதைக் கடதாசியில் காட்டுவதற்கே போய்விட்டது.

ஓய்வுபெற்ற அதிபர்கள், கோட்டக் கல்விப் பணிப்பாளர்கள் பலர் இப்போது இந்தப் பக்கம் விண்ணப்பிக்கிறார்கள். நான் அலைந்த மாதிரி அவர்களும் அலையக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

படிவம் எட்டுப் பக்கம். ஆய்வுக் கட்டுரைகளுக்கு முழுதாக இரண்டு பக்கம். 'தொழில்சார் பின்னணி' என்பதற்கு நான்கே வரி. படிப்பிக்கப் போவதோ ஒரு பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவது என்று. வகுப்பில் வந்து இருக்கப் போகிறவர்கள் பிரதி அதிபர்களும் ஆசிரிய ஆலோசகர்களும். அவர்களுக்குக் கட்டுரை எழுதிய ஆளும் வேண்டும், மழைக்குக் கூரை பறந்த அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடம் வைத்த ஆளும் வேண்டும். நியூ ஜேர்சியில் இருக்கிற மருமகள் சொன்னாள், அங்கே இப்படியான கற்கைகளில் மாலை வகுப்பெடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர் வேலையில் இருக்கிற அல்லது ஓய்வுபெற்ற அதிபர்களும் சுப்பரின்டென்டன்களுமாம். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட வலயக் கல்விப் பணிப்பாளர் மாதிரி. 'அட்ஜங்ட்' என்று அவர்களுக்குப் பெயர். இங்கும் எண்ணம் அதுதான், படிவம்தான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. நான்கு வரிக்குள் திணிக்காதீர்கள். 'இணைப்பு பார்க்கவும்' என்று எழுதிவிட்டுத் தனித் தாளில் பாடசாலை, மாணவர் தொகை, என்ன பொறுப்பு என்று விரிவாகக் கொடுங்கள். எனக்கு அந்தத் தாள்தான் பிறகு கைகொடுத்தது.

சிக்கல் அடுத்த வரியில் இருந்தது. குறிப்பிட்ட ஒவ்வொரு பதவிக்கும் உறுதிப்படுத்தல் கடிதம் இணைக்க வேண்டும்.

நான் 1989இல் ஆசிரியையாகச் சேர்ந்தவள். முதல் நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், இடமாற்றக் கடிதம் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது நானும் நடந்தேன். சைக்கிள் கரியரில் அம்மாவின் மருந்துப் பை, என் கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பட்டச் சான்றிதழும் ஏ.எல். சான்றிதழும். கடிதங்களை எடுக்கத் தோன்றவில்லை, வேலைக்குத் திரும்பிப் போவோம் என்ற நினைப்பே அப்போது இல்லை. 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் பெட்டியும் இல்லை, பெட்டி இருந்த அறைக்குக் கதவும் இல்லை.

ஆனால் பென்சன் ஒழுங்காகக் கிடைத்தது. 2022இல் ஓய்வு பெற்றபோது கல்வி அலுவலகமே என் கோவையை, அதாவது சேவைப் பைலை, வைத்து எல்லாம் செய்து முடித்தது. அதனால், போய்க் கேட்டால் கடிதம் தருவார்கள் என்று நம்பி வீட்டை விட்டு இறங்கினேன்.

முதல் தடவை, அந்த விடயத்துக்குப் பொறுப்பானவர் லீவு. இரண்டாம் தடவை ஆள் இருந்தார். கொம்பியூட்டரில் ஏதோ பார்த்தபடியே சொன்னார்: "ரீச்சர், பென்சன் எடுத்த ஆக்களின்ர பைல் எங்களிட்ட இல்லை. அது பென்சனுக்குப் போட்டுது."

பென்சனுக்கு என்றால் எங்கே? பிரதேச செயலகமாம். அங்கே ஓய்வூதியப் பகுதியில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள்: "அம்மா, இங்க மாதாமாதம் காசு போடுற விபரம் மட்டும்தான். சேவைப் பைல் ஒண்டும் எங்களிட்ட வராது. அது அவையளிட்டத்தான் இருக்கும்." இப்படி இரண்டு இடத்துக்கும் நடுவில் மூன்று தடவை பஸ் ஏறினேன். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்தச் சனி ஞாயிறு வகுப்பு எனக்கு எதற்கு என்றுகூட நினைத்தேன்.

நான்காம் தடவை கல்வி அலுவலகத்துக்குப் போனபோது, வாசலில் தேத்தண்ணி கொண்டுபோன வயதான பணியாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். விசயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் பின் அறைக்குப் போனார். கால் மணித்தியாலத்தில் தலைமயிரெல்லாம் தூசியோடு திரும்பி வந்தார், கையில் நாடா கட்டிய ஒரு கோவை. பென்சன் முடிந்த கோவைகள் அலுமாரிக்கு மேலே அடுக்கிக் கிடந்தனவாம். பொறுப்பானவருக்கு அந்த அறை இருப்பதே தெரியாதோ, தெரிந்தும் ஏற மனமில்லையோ, நான் கேட்கவில்லை.

மட்டையைத் திறந்தால் முதல் தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'இடம்பெயர்வின்போது மூலக் கோவை தவறியமையால் 1997இல் மீள உருவாக்கப்பட்டது.' அதற்குக் கீழே ஒரு சத்தியக் கடதாசி. என் கையெழுத்து. 1989 முதல் எந்தெந்தப் பள்ளிக்கூடம், எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை என்று நானே எழுதி, அப்போதைய அதிபரும் உறுதிப்படுத்திக் கையொப்பம் வைத்திருக்கிறார். இப்படியொன்று கொடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. தாள் மஞ்சளாகி, ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. திகதிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதை வைத்து இரண்டு கிழமையில் கடிதம் வந்தது.

இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது. 'என் கோவை எங்கே' என்று கேட்காதீர்கள். 'பென்சன் முடிந்த பழைய கோவைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்' என்று கேளுங்கள். கிடைத்த கையோடு முழுவதையும் போட்டோக் கொப்பி எடுத்துவிடுங்கள். ஒரு பாடசாலையில் அதிபர் பொறுப்பை ஏற்ற திகதி தெளிவில்லை என்றால் அந்தப் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் போய்ப் பாருங்கள். என்னுடைய ஒரு கடிதத்தில் திகதி பிழையாக ரைப் பண்ணப்பட்டிருந்தது. சம்பவத் திரட்டில் 'இன்று காலை 7.40 மணிக்குப் பொறுப்பேற்றேன், களஞ்சியத் திறப்புகள் மூன்று பெறப்பட்டன' என்று நான் எழுதிய வரியின் பிரதியைக் கொடுத்தேன், மறுபேச்சு இல்லை.

இனிக் கற்கை நிறுவனத்தின் யன்னலுக்கு வருவோம். நான் அதிபர் சேவைக்குள் வந்தது 2004இல். அந்தக் கடிதம் திருகோணமலையில் இருந்து வந்தது, தலைப்பில் 'வடக்கு கிழக்கு மாகாணம்' என்று இருக்கும். யன்னலுக்குள் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரீச்சர், இப்பிடியொரு மாகாணம் இல்லையே. வடமாகாணத்தின்ர கடிதம்தான் வேணும்." 1988இல் இரண்டையும் இணைத்தது, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது, 2007 ஜனவரியில் இரண்டாகப் பிரிந்தது, அதுவரை நிருவாகம் திருகோணமலையில் இருந்தது எல்லாவற்றையும் யன்னலுக்கு வெளியே நின்று ஒரு பாடமாக எடுத்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மாதிரி விரிவுரைக்கு அது நல்ல பயிற்சி.

அது முடிய, தரம். என் பதவியுயர்வுக் கடிதத்தில் '2-II' என்று இருக்கிறது. படிவத்தில் I, II, III மட்டும்தான். 2014இல் அதிபர் சேவையின் விதிகளைச் சொல்லும் பிரமாணக் குறிப்பு மாறி, பழைய தரங்கள் போய்ப் புதிய தரங்கள் வந்தன. நீங்களாகக் கணக்குப் பார்த்து ஒன்றை நிரப்ப வேண்டாம். புதிய தரத்துக்கு உள்ளீர்த்த கடிதத்தைத் தேடி எடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்திக் கொடுங்கள். முதுமாணிச் சான்றிதழும் அப்படித்தான். நான் முடித்தது 2009இல், தகைமைகளை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகம் வந்தது 2012இல். பாடநெறி மட்டும் செய்த முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வோடு சேர்ந்தது 10ஆம் மட்டம். பழைய சான்றிதழில் மட்டம் எப்படி இருக்கும்? பெறுபேற்று விபரத்தையும் ஆய்வேட்டின் முதற் பக்கத்தையும் இணைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கு ஒன்று: நியமனக் கடிதத்தில் அப்பாவின் பெயரும் பிறகு கணவரின் பெயரும் இருந்தால் விவாகச் சான்றிதழ்ப் பிரதியைக் கேட்க முன்பே வைத்துவிடுங்கள்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர். ஆய்வுக் கட்டுரை எத்தனை என்று ஒருவர் கேட்டார். ஒன்றும் இல்லை, மீப்பேயில் தலைமைத்துவப் பயிற்சி எடுத்திருக்கிறேன் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மாதான் என் இணைப்புத் தாளை எடுத்து, "இதென்ன, 1995 நவம்பர் முதல் 1996 ஏப்ரல் வரை, பிற்பகல் பாடசாலை?" என்று கேட்டார்.

இடம்பெயர்ந்து போயிருந்த தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் எங்கள் பிள்ளைகள். எங்கள் அதிபர் நோயில் விழ, நான்தான் பார்த்தேன். பாடவேளையை முப்பது நிமிடமாகக் குறைத்தது, காலைப் பள்ளிக்கூடம் கரும்பலகையில் எழுதிவிட்டதை அழிக்கலாமா கூடாதா என்று இரண்டு பக்க ஆசிரியர்களும் முறைத்துக்கொண்டது, கடைசியில் பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தது, சோக்கட்டியை எண்ணிக் கொடுத்தது. பத்து நிமிடம் சொன்னேன். பேனையை வைத்தவர் அதைத் திரும்ப எடுத்துக் குறிப்பு எழுதினார். அப்புறம் கேட்டார்: "இந்தக் காலத்துக்கு உறுதிப்படுத்தல் கடிதம் இருக்கா?"

இல்லை. அந்தப் பள்ளிக்கூடமும் அதன் பதிவேடுகளும் 2000ஆம் ஆண்டுச் சண்டையில் போய்விட்டன. நியமனக் கடிதத்தில் என் அனுபவத்தைக் கணக்கிட்டபோது அந்த மாதங்களை ஆசிரியச் சேவையாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் எனக்குப் படிப்பிக்கத் தந்த பாடம் 'நெருக்கடிக் காலத்தில் பாடசாலை முகாமைத்துவம்'.

நேற்றுக் கொடுப்பனவுப் பகுதியில் இருந்து அழைப்பு வந்தது. வங்கிப் புத்தகத்தின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, அதோடு சேவைக் கடிதத்தின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டுமாம். கொடுத்தேனே என்றேன், அது வேறு பகுதியாம். பழைய மாணவன் ஒருவன் சமாதான நீதவான். காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய் ஆறு பிரதியில் முத்திரை குத்தி வாங்கிவிட்டேன்.