வெள்ளிக்கிழமை முட்டைக் குழம்பு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது. கருவாட்டு வாசம்கூட வரக்கூடாது, மாசிக் கருவாடு போட்ட சம்பலுக்கும் அன்றைக்கு லீவு. அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முட்டைக் குழம்புச் சட்டி ஒன்றைக் கொண்டுபோய் நடு மேசையில் வைத்தேன். அது முழுக்க இனிப்பு. ஆனால் அதைச் சொல்ல எனக்கு யாரும் அவகாசம் தரவில்லை.

அந்த முட்டைக் கதையைப் பிறகு சொல்கிறேன். இனிப்பைச் சாப்பாடு மாதிரிச் செய்து ஏமாற்றும் இந்தப் பைத்தியம் பிடித்தது 2022இல். இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றோமே, அந்தக் காலம். ஓவன் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. அடுப்பே எரியாவிட்டாலும் செய்யக்கூடிய இனிப்பு என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்தது பிஸ்கட் புடிங்தான். எங்கள் நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், ராத்திரி ஜன்னலோரம் மூடிவைத்தால் விடிய இறுகிவிடும், பிரிட்ஜ் வேலை செய்யாதது ஒரு குறையாகவே படவில்லை.

ஒருநாள் மிஞ்சிப்போன புடிங்கை வீசவும் மனமில்லாமல் உருட்டி, மேரி பிஸ்கட் தூளில் புரட்டித் தட்டில் வைத்தேன். தம்பி வந்தான், கட்லட் என்று அவனாகவே முடிவுகட்டினான், தக்காளி சோஸைத் தாராளமாக ஊற்றி ஒரே கடி. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவன் நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இனி இதுதான் என் வேலை என்று.

அடுத்து ரொட்டியும், செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசியும் நசுக்கிச் செய்கிற கட்டசம்பலும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களிடம் ரொட்டியைக் காட்டி ஏமாற்றப் பார்ப்பது கொஞ்சம் திமிரான காரியம்தான். மேரி பிஸ்கட் தூள், பால்மா, உலர்ந்த தேங்காய்ப்பூ, கெட்டியாகும் அளவுக்கு டின்பால், இவ்வளவுதான் மாவு. தட்டி, ஒரு டப்பா மூடியால் அழுத்தி அழகாக வட்டம் வட்டமாக வெட்டி வைத்தேன். அம்மா அடுப்படி வாசலில் நின்றபடியே, "இது எந்தக் கடை ரொட்டி? நம்ம வீட்டு ரொட்டி என்னைக்கு இப்படி வட்டமா இருந்துச்சு?" என்றார். தொடக்கூட இல்லை, பிடிபட்டேன்.

இரண்டாவது தடவை மூடியைத் தூர வைத்துவிட்டுக் கையாலேயே தட்டினேன். ஓரம் வெடிக்கட்டும் என்று விட்டேன், ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு, நடுவில் நாலு விரல் பதிந்த குழி. கொக்கோத் தூளை விரல் நுனியில் தொட்டு அங்கங்கே ஒற்றி, பாதியை ஊதிவிட்டேன், விறகு அடுப்புத் தகட்டில் கருகிய புள்ளி அப்படியே வந்தது. அன்றைக்கு அப்பா வேலை விட்டு வந்து, பால் விடாத தேநீரான சாயத்தண்ணியோடு ஒன்றைக் கையில் எடுத்துப் பிய்க்கிறவரைக்கும் சந்தேகப்படவில்லை. வடிவாகச் செய்தால் மாட்டிக்கொள்வோம், நம் வீட்டில் எப்படிக் கோணலாக வருமோ அப்படிச் செய்தால்தான் தப்பிப்போம். படங்களில் வருகிற பளபளப்பான போலிச் சாப்பாடுகள் எனக்குப் பிடிக்காமல் போனதற்கும் இதுதான் காரணம், அவை யார் வீட்டுச் சாப்பாடு மாதிரியும் இல்லை.

கட்டசம்பலுக்கு கேக்கில் போடுகிற சிவப்புச் செரியும் ஸ்ட்ரோபெரி ஜாமும். வெங்காயத் துண்டுக்கு எங்கள் பக்கத்துப் பேரிக்காயைப் பொடியாக அரிந்து பீட்ரூட் சாற்றில் கொஞ்ச நேரம் போட்டால் போதும், கடித்தால் நறுக்கென்று சத்தம்கூட வரும். மாசிக்கு பிஸ்கட் நொறுக்கு. எல்லாம் நல்லபடியாகப் போனது, கெட்ட புத்தி வந்து அதை அம்மியில் வைத்து நசுக்கும் வரைக்கும். முப்பது வருசமாகச் செத்தல் மிளகாய் குடித்த கல், எத்தனை தரம் கழுவினால் என்ன? ஜாம் காரமாகிவிட்டது. அதன்பிறகு கத்தியும் பலகையும்தான்.

இடியப்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். ஜெர்மனியில் மன்ஹைம் என்ற ஊரில் 1969இல் தாரியோ ஃபொன்டனெல்லா என்பவர் வெனிலா ஐஸ்கிரீமை மாப் பிழியும் கருவியில் போட்டு அழுத்தி, நூல் நூலாக வந்ததன்மேல் ஸ்ட்ரோபெரிச் சாறு ஊற்றி, ஸ்பகெட்டி மாதிரியே ஒரு தட்டு வைத்தார். இன்றைக்கும் அந்த நாட்டில் எந்த ஐஸ்கிரீம் கடைக்குப் போனாலும் இருக்குமாம். படித்தவுடன் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அந்தக் கருவி நம்முடைய இடியப்ப உரலுக்குச் சித்தப்பா பிள்ளை! உரலை முந்தின இரவே ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாள் அவசர அவசரமாகப் பிழிந்தால் இடியப்பம் நிற்கும். உரல் குளிர்ந்திருக்காவிட்டால் கஞ்சிதான். மேலே தேங்காய்ப்பூவில் ஸ்ட்ரோபெரியைப் பிசைந்து வைத்தால் சம்பல். சின்னப் பிள்ளைகள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், இடியப்பம் வேண்டாம், ஐஸ்கிரீம்தான் வேண்டும் என்று.

சரி, முட்டை.

ஆறு முட்டையின் முனையில் சின்னத் துளை போட்டு உள்ளே இருந்ததை வியாழக்கிழமையே பொரித்துத் தின்றாயிற்று. ஓட்டைக் கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்தேன். வெள்ளைக்குக் கடற்பாசி, அகர் அகர் என்பார்களே அது. நோன்பு காலத்தில் டவுன் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும், தூளாகவும் வரும். ஜெலட்டின் வேண்டாம், அது மிருகத்திலிருந்து எடுப்பது, உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும். கடற்பாசி 40 பாகை செல்சியஸுக்குக் கீழே வந்தால் பிரிட்ஜ் இல்லாமலே இறுகும், இறுகினால் திரும்ப உருக 85 பாகையாவது வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டித் தூள், நன்றாகக் கரைந்ததும் ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால், சீனி. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகவே நேரம் எடுக்கும் ஊர், ஆகவே நுரை வந்ததும் இறக்கிவிடாமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். நான் முதல் தடவை பொறுமையில்லாமல் இறக்கி, முட்டைக்குள் மணல் மாதிரி நெறுநெறுத்தது. அதேபோல் சுடச்சுட ஊற்றினால் தேங்காய்ப்பால் மேலே மிதந்து இரண்டு நிறமாகிவிடும். ஆறவிட்டு, கரண்டியில் லேசாக ஒட்டத் தொடங்கும்போது புனல் வைத்து ஊற்றினேன். ஓட்டை உரித்த நேரம் எனக்கே ஒரு நிமிடம் பயமாக இருந்தது, அந்த வழவழப்பும், அடியில் காற்றுப்பை இருக்குமே, அந்தச் சின்னப் பள்ளமும் அப்படியே.

பாதியாக வெட்டி, தேக்கரண்டியால் குழி தோண்டி, கஸ்டர்டை வைத்தேன். கஸ்டர்ட் தூளில் முட்டையே கிடையாது, 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகக் கண்டுபிடித்தது. குழம்பு, கித்துள் பனையின் பாகான பாணியும் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் சோளமாவும் சேர்ந்தது. மேலே மிதக்கிற எண்ணெய் இல்லாமல் குழம்பு குழம்பாகாது. கலர்த் தண்ணீர் எண்ணெயில் கலக்காது, அதனால் காரட்டைத் துருவித் தேங்காய் எண்ணெயில் லேசாகச் சூடாக்கினேன், நல்ல செம்மஞ்சள் நிறத்தை அது விட்டுக்கொடுத்தது. ஆனால் காலையில் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலையே அடுப்போரம் வைத்து உருக்குகிற ஊர் இது. பத்து நிமிடத்தில் மேலே இருந்த எண்ணெய் செதில் செதிலாக உறைந்துவிட்டது. பார்க்க நேற்று வைத்த குழம்பு மாதிரியே இருந்தது, இன்னும் நல்லது! ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கசக்கிப் பக்கத்தில் போட்டேன், மூக்கும் ஏமாறவேண்டுமே. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிற மாமாவிடம் மட்டும் முன்கூட்டியே காதில் சொல்லிவைத்தேன், அதில் விளையாட முடியாது.

மேசையில் வைத்ததுதான் தாமதம். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னா புள்ள இது!" அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயி, கத்திய கத்தில் முன்வீட்டு அக்கா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். சாமிக்கு விளக்கு வைத்த வீடு, படித்தவள் செய்கிற வேலையா என்று ஐந்து நிமிடம். தம்பி சிரிப்பை அடக்கமுடியாமல் ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டது எரிகிற தீயில் எண்ணெய். அம்மாயி, இது முட்டையே இல்லை, தேங்காய்ப்பால், பாசி, சீனி என்று கையைப் பிடித்துச் சொன்னேன். சந்தேகமாகக் குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"இந்த வடிவம் எப்புடி வந்துச்சு?"

ஓட்டுக்குள் ஊற்றினேன் என்றேன்.

"அப்ப முட்டைதான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. மற்றவர்கள் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் குழம்பில் இறங்கினார்கள், அம்மாயி ரசத்தோடு எழுந்துவிட்டார். நாலு பாதி மிஞ்சியது. சனிக்கிழமையும் அம்மாயிக்கு விரதம், அன்றைக்கும் பக்கத்தில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிய பிரிட்ஜைத் திறந்தால் இரண்டுதான் இருந்தது. அம்மாயி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து சாயத்தண்ணி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. குவளையை வைத்துவிட்டு அவராகவே சொன்னார், "மஞ்சக் கருவுல இனிப்பு கொஞ்சம் கூட."