படுத்தபடி எடுத்த படத்தில் கூன் முழுதாகத் தெரியாது

"கிருமி போய்விட்டதம்மா, இனி வர வேண்டாம்" என்று மலைக்குக் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி அனுப்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. வளரும் பிள்ளைக்கு முதுகெலும்பில் காசநோய் வந்தால் கிருமியை ஒழிப்பது பாதி வேலைதான்; முதுகு கூன் விழுகிறதா என்று கவனிப்பது மீதி வேலை.

மகளுக்கு எட்டு வயதில் நோய் தெரிந்தது. முதுகெலும்பின் நெஞ்சுப் பகுதியில் இரண்டு எலும்புகள் அரித்திருந்தன. கால்களில் பலம் குறையாததால் அறுவை வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை. நாங்கள் இருக்கும் கோத்தகிரியிலேயே அரசு மாத்திரை கிடைத்தது. ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் அரசுத் தொகையும் கணக்கில் ஏறியது.

கோபமெல்லாம் பரிசோதனைகளைப் பற்றித்தான். முதுகைத் தாங்கும் பெல்ட் கட்டிய பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலையின் அத்தனை வளைவுகளிலும் இறங்கிப் போனால், எம்.ஆர்.ஐ. மட்டும் பார்ப்பார்கள். "முதுகு துருத்துகிறதே, டாக்டர்?" என்றால், "ஆறும்போது அப்படித்தான் இருக்கும்" என்று ஃபைலை மூடிவிடுவார். எம்.ஆர்.ஐ. வழக்கமாகப் படுக்க வைத்து எடுப்பது. உடல் பாரம் ஏறும்போது எலும்பு எவ்வளவு மடங்குகிறது என்பதை நிற்க வைத்துப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேதான் காட்டும். கோவையில் இன்னொரு முதுகெலும்பு மருத்துவர் சொல்லித்தான் இது தெரிந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க முதல் எக்ஸ்ரே வேண்டும் என்றார் அவர். பழைய மருத்துவமனையின் பதிவறையில் "படம் இல்லை, அறிக்கைதான் உண்டு" என்று கைவிரித்தார்கள். கணினியில் தேடாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மாலைக்குள் குறுந்தகடு கைக்கு வந்தது!

முதுகு வளைந்த கோணம் கூடித்தான் இருந்தது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2001இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு நான்கு அபாய அறிகுறிகளைச் சொல்கிறார்: பின்பக்க மூட்டு விலகுவது, சிதைந்த எலும்பு பின்னே தள்ளப்படுவது, பக்கவாட்டில் நகர்வது, மேல் எலும்பு முன்னே கவிழ்வது. இரண்டுக்கு மேல் இருந்தால் கூன் வளரும் அபாயம் அதிகம். மகளுக்கு ஒன்றுதான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நோய் ஆறிய பிறகும் வளர்ச்சியோடு சில பிள்ளைகளுக்குக் கூன் ஏறுகிறது, சிலருக்குக் குறையவும் செய்கிறது. அதனால் வளர்ச்சி முடியும்வரை பார்த்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கோண அளவைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், படத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள். நடை தடுமாறினாலோ சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.