தவிட்டுப்பழ நாட்கள்

ஏப்ரல் 21, கோத்தகிரி

சோலை ஓரத்துத் தவிட்டுச்செடி பூத்துவிட்டது. இன்று விரிந்த பூ நல்ல ரோஸ். முந்தாநாள் விரிந்தது வெளுத்துப்போய்ப் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரே கிளையில் இரண்டு செடியின் பூவோ என்று தோன்றும். ஐந்து இதழ், நடுவே கத்தையாக மகரந்தத் தாள்கள். இலையைத் திருப்பினால் அடிப்பக்கமெல்லாம் வெள்ளைப் பூமயிர். கொய்யா, நாவல் குடும்பம்தான் இதுவும்.

மே 5

நாள் முழுக்க மழை. போகவில்லை.

மே 19

பாதையோரம் புதர் வெட்ட வந்தவர்கள் தவிட்டையும் சேர்த்துச் சாய்த்துவிட்டார்கள். பிஞ்சோடு கிடக்கிறது. வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் சீகை என்கிற வாட்டில் மரமும், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் வந்தன, தேயிலை வந்தது. புல்வெளி போனது, சோலை சுருங்கியது. தவிட்டுக்கு மிஞ்சியது இப்படிப்பட்ட மேடும் பாதையோரமும்தான். அதையும் வெட்டினால் எங்கே போகும்?

அடிக்கட்டை இருக்கிறது, துளிர்க்கும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இதே செடியை அழகுக்காக நட்டு, அது காட்டுக்குள் பரவி, தீ வைத்தாலும் அடியிலிருந்து துளிர்க்கிறது என்று தவிக்கிறார்கள். அங்கே அது வந்தேறி, இங்கே மண்ணின் செடி. ஆனால் இந்த வருஷக் காய் போனது போனதுதான். மேட்டின் மேல் நான்கு செடி தப்பியிருக்கிறது.

ஜூன் 30

பழுத்துவிட்டது! சிவந்திருந்த ஒன்றில் கை வைத்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா தடுத்தார்.

“அது துவர்க்கும் கண்ணு. கறுத்து, அமுக்குனா மெத்துனு இருக்கணும்.”

அப்படி ஒன்றைப் பறித்தேன். கோலிக்குண்டு அளவு. தலையில் மாதுளைக்குப் போலச் சின்னக் கிரீடம், தோலில் மெல்லிய சுணை. பிட்டால் உள்ளே கருஞ்சிவப்பு, ஜாம் மாதிரி. பொடி விதைகள் பல்லில் நறநறக்கின்றன. இனிப்பு முதலில், கடைசியில் கொஞ்சம் துவர்ப்பு. அக்கா நாக்கை நீட்டிக் காட்டினார், ஊதா. என் நாக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பதினொன்று பறித்தேன். உச்சிக்கிளையைத் தொடவில்லை, சின்னான் குருவிகள் வந்துகொண்டிருந்தன. விதை போடுவது அவைதானே.

ஜூலை 2

ஐந்து பழத்தின் விதையைக் கழுவி, சாம்பலில் பிசைந்து நிழலில் வைத்திருக்கிறேன். வேலியோரம் இடம் கொத்தியாகிவிட்டது.