யூரியாவில் கோபாற்று இல்லை

பத்தாம் தரத் தவணைப் பரீட்சையில் யூரியாவின் சூத்திரத்தை, அதாவது CO(NH₂)₂ என்பதைத் தந்து, அதிலுள்ள மூலகங்களை எழுதச் சொன்னார்கள். நான் முதலாவதாக எழுதியது கோபாற்று. வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடுதான். விறாந்தையில் கிடந்த உரப்பையை அப்பா காட்டினார்: "இஞ்ச பார், நைதரசன் 46 வீதம் எண்டெல்லோ போட்டிருக்கு. நீ என்ன கோபாற்று எண்டுறாய்?"

பிழை வாசிப்பில். சூத்திரத்தின் தொடக்கத்தில் சீ, ஓ இரண்டும் கப்பிட்டல். அதனால் காபன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று. கோபாற்றின் குறியீடான Co இல் ஓ சிம்பிள், அதாவது சின்ன எழுத்து.

அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தச் சூத்திரத்தைக் கண்டாலும் ஒவ்வொரு கப்பிட்டல் எழுத்துக்கும் முன்னால் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு ஒரு குறியீடு. சிம்பிள் எழுத்து வந்தால் அது முன்னால் நிற்பதோடு சேர்ந்தது. யூரியாவில் நாலு கோடு: காபன், ஒட்சிசன், நைதரசன், ஐதரசன். அடைப்புக்குள் நைதரசன் 1, ஐதரசன் 2. வெளியே நிற்கிற 2 இரண்டையும் பெருக்கும். ஆக நைதரசன் 2, ஐதரசன் 4, மொத்தம் 8 அணுக்கள். அமோனியம் நைத்திரேற்றில் (NH₄NO₃) மட்டும் கவனம்: கோடு நாலு விழும், மூலகம் மூன்றுதான். நைதரசன் இரண்டு தரம் வருகிறது.

செப்பு சல்பேற்றுப் பளிங்கில் (CuSO₄·5H₂O), அதுதான் மயில்துத்தம், புள்ளிக்குப் பிறகு வரும் 5 நீர் மூலக்கூறுகளை நான் அடிக்கடி விட்டுவிடுவேன். ஆய்வுகூடத்தில் சேர் அந்த நீலப் பளிங்கைச் சூடாக்க, அது வெளிறி வெள்ளையாகி, சோதனைக் குழாயின் வாயருகே தண்ணீர் துளித்ததைப் பார்த்தபின் மறக்கவில்லை. ஒட்சிசன் நாலல்ல, 9.

குறியீடுகளைப் பாடமாக்கத்தான் வேண்டும். முதல் 20 மூலகங்களோடு இரும்பு, செப்பு, நாகம், வெள்ளி, ஈயம் போதும். சோடியத்துக்கு என், ஏ என்பதும் பொற்றாசியத்துக்கு கே என்பதும் நேட்ரியம், காலியம் என்ற இலத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை. இது தெரியாமல் ஆனையிறவு உப்பில் நைதரசன் கண்டுபிடித்தவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள்.

அப்புறம், எழுதும்போது சிம்பிள் ஓவைப் பாதி அளவுக்குச் சின்னதாக எழுதுங்கள். சீயும் ஓவும் இரண்டு அளவிலும் ஒரே வடிவம். திருத்துபவருக்கு உங்கள் மனசு தெரியாது. அடுத்த தவணையில் கோபாற்றைச் சரியாகக் கண்டுபிடித்தும் எனக்கு ஒரு புள்ளி போனது இதனால்தான்.