எத்தனை டிகிரியில் யார் யாருக்குப் போன் போடணும்?

கடும் வெயிலிலிருந்து மக்களைக் காக்க எந்த நகரம் "வெப்பச் செயல்திட்டம்" என்று புத்தகம் போட்டாலும், அதில் முதலில் தேட வேண்டியது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். இது இல்லாவிட்டால் மீதிப் பக்கமெல்லாம் அலங்காரம்.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி அடித்தது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013-இல் திட்டம் வந்தது. முன்னறிவிப்பு 41.1 டிகிரியைத் தொட்டால் மஞ்சள் எச்சரிக்கை, 43.1-இல் ஆரஞ்சு, 45-இல் சிவப்பு. மாநகராட்சியின் பொறுப்பு அதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரி, 108, சுகாதாரப் பணியாளர்கள் என எல்லோருக்கும் தகவல் அனுப்புவார். ஐஸ் பேக், ஓஆர்எஸ் இருப்பை அதற்கு முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். சாரதாபென் மருத்துவமனையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த பச்சிளங்குழந்தை வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். பெரிய செலவில்லாத, உருப்படியான வேலை!

வீட்டுக்குள் சூட்டைக் குறைக்கக் கூரைக்கு வெள்ளையடிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தூசியைக் கழுவாமல் அடித்தால் சுண்ணாம்பு உரியும். அழுக்கு படிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்புவது குறையும். மழையில் கரைந்தும் போகும். ஆகவே ஒவ்வொரு கோடைக்கு முன்பும் இதற்குப் பணம் ஒதுக்கணும். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, அதற்கென உள்ள பெயின்ட்தான்.

அகமதாபாத்தின் இதே 41.1 டிகிரி எல்லையைச் சென்னைக்கு அப்படியே எடுத்துப் போடக் கூடாது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. வானிலைத் துறையே கடலோரத்தில் வெப்ப அலைக்கு 37-இலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது, அதுவும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால். இரவு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்க்காத எச்சரிக்கை இங்கே பாதி எச்சரிக்கைதான்.