இரண்டாம் முறை வாக்குக் கேட்பது

மாமன்ற உறுப்பினராக ஒரு பதவிக்காலம் முடிந்து, அதே வார்டில் மறுபடியும் நிற்பதென்று முடிவு செய்தபின் நடந்த முதல் சண்டை, என் தேர்தல் வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் நண்பருடன்தான். நோட்டீஸில் போடுவதற்காக அவர் எழுதி வந்த சாதனைப் பட்டியலில் பதினான்கு இனங்கள் இருந்தன. அவற்றில் ஆறை நான் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "எதிராளி செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்தால் நான் எதற்கு?" என்று கேட்டவர் இரண்டு நாள் அலுவலகம் பக்கமே வரவில்லை.

நான் அடித்தவற்றில் முதலாவது, நூலகத்தை ஒட்டிச் செல்லும் சாலை. அது என் பதவிக்காலத்தில் போடப்பட்டது என்பது உண்மை. திறப்பு விழாவில் கத்திரிக்கோலும் கையுமாக நான் நிற்கும் புகைப்படமும் இருக்கிறது. ஆனால் அதற்கான தீர்மானம் நிறைவேறியதும், நிதி ஒதுக்கப்பட்டதும், ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதும் எனக்கு முன்பு உறுப்பினராக இருந்தவரின் காலத்தில். ஜல்லி கொட்டிய நிலையில் சாலை அரைகுறையாகக் கிடந்தபோது அவர் தேர்தலைச் சந்தித்துத் தோற்றார். நான் பதவியேற்ற நான்காம் மாதம் தார் போட்டார்கள். தெருக்காரர்கள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை.

இப்போது அவருடைய நிலை எனக்கு வந்திருக்கிறது. ஐந்தாண்டுகளில் மன்றக் கூட்டங்களில் நான் உண்மையாகவே மல்லுக்கு நின்று வாங்கிய பெரிய வேலை, தாழ்வான மூன்று தெருக்களுக்கான மழைநீர் வடிகால். தேங்கும் நீர் எந்தத் திசையில் வடிய வேண்டும் என்பதிலேயே இரண்டு துறைகளின் பொறியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததால், மட்டம் எடுத்து முடிக்கவே ஓராண்டு ஆனது. பிறகு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, ஒருவரும் முன்வராத முதல் ஒப்பந்தப்புள்ளி, அதற்குப்பின் மறு ஒப்பந்தப்புள்ளி என்று காலம் ஓடி, மண்வெட்டி தரையில் பட்டது தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய மாதம்தான். ஆகவே அந்தத் தெருக்களில் வாக்குக் கேட்கப் போகும்போது, வாசலுக்கும் சாலைக்கும் நடுவே இடுப்பளவு பள்ளம் கிடக்கிறது; அதன்மேல் போட்டிருக்கும் பலகையில் கால் வைத்துத்தான் நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறேன். பலகை ஆடுகிறது. வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து நின்று, நான் விழாமல் வந்து சேர்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்சியில் இருப்பவர்கள் தேர்தல் நெருங்கும்போது பொருளாதாரத்தை முடுக்கிவிட்டு வாக்கு வாங்க முடியும் என்று வில்லியம் நார்தாஸ் என்ற பொருளியலாளர் 1975இல் விளக்கி எழுதினார். நாட்டை ஆள்பவர்களுக்கு அது பொருந்தலாம். வார்டு உறுப்பினரிடம் முடுக்கிவிட எதுவும் இல்லை, அவருடைய வேலைகள் கோப்பின் வேகத்தில்தான் நடக்கும்.

முதல் முறை நிற்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. "செய்வேன்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் வார்டு முழுவதும் சுற்றி வரலாம். நானும் அப்படித்தான் சுற்றினேன். இம்முறை ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் என்னுடைய பழைய நோட்டீஸைக் கொண்டுவந்தார். நான்காக மடித்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. ஒன்பது வாக்குறுதிகளில் நான்கின்மேல் பென்சிலால் குறியிட்டிருந்தார். "தம்பி, இந்த நாலும் ஆயிற்று. அஞ்சாவது, சுகாதார நிலையம், என்ன ஆயிற்று?" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. சில்லறையை எண்ணி வாங்குபவரின் நிதானம் இருந்தது. நான் கொடுத்த விளக்கம் நீளமாக இருந்தது என்பது எனக்கே தெரிந்தது.

அன்றிரவு உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் வார்டுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை மூலம் ஊர் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. மேடைதோறும் அதை நம் மக்களாட்சிப் பெருமையாகப் பேசுகிறோம். சொந்த நிலம் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமே இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. எனக்கு அதில் உறைப்பது வேறு இரண்டு விதிகள். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதி இழப்பார்கள். முதல் விதிப்படி நான் இந்தத் தேர்தலிலேயே நிற்க முடியாது. அது சரியான விதியா என்று தெரியவில்லை. வேலை பழகியவரை வெளியே அனுப்புவதில் நட்டமும் உண்டு. நிதிநிலை அறிக்கையைப் படிக்க எனக்கே இரண்டாண்டுகள் பிடித்தன. மூலதனச் செலவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பழுதான தெருவிளக்கை மாற்ற முடியாது என்பதையும், "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலுக்குக் கோப்பு நகரவில்லை என்று பொருள் என்பதையும் அடிபட்டுத்தான் கற்றேன். வடிகால் முடியும்வரை அங்கே இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது, அதை மறைப்பானேன். ஆனால் இரண்டாவது விதியை எதிர்த்து என்னால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை.

கணக்கைப் பூசி மெழுகினால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ மேயர் மைக்கேல் பிலாண்டிக் ஓர் உதாரணம். 1979 ஜனவரியில் அந்த நகரத்தில் கடும் பனி கொட்டியது. பனி பொழிந்தது அவர் குற்றமல்ல. வண்டிகளை நிறுத்தப் பள்ளி வளாகங்களில் பனி அகற்றப்பட்டுவிட்டது என்று நகர நிர்வாகம் அறிவித்தது. போய்ப் பார்த்தவர்கள் பனிமேட்டைத்தான் பார்த்தார்கள். அடுத்த மாதமே நடந்த கட்சி உள்தேர்தலில் ஜேன் பைர்ன் அவரைத் தோற்கடித்து, பிறகு அந்நகரின் முதல் பெண் மேயரானார். கட்சியின் தேர்தல் இயந்திரம் முழுவதும் பிலாண்டிக்கின் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் வாசலில் கிடக்கும் பனியை வாக்காளர் கண்ணிலிருந்து எந்த இயந்திரத்தாலும் மறைக்க முடியவில்லை. என் மூன்று தெருக்காரர்களிடம் வடிகாலைச் சாதனை என்று நான் எப்படிச் சொல்வது?

கடைசியில் நண்பரும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நோட்டீஸின் முன்பக்கம் அவருடையது. படம், சின்னம், எட்டுச் சாதனைகள். பின்பக்கம் என்னுடையது. முடியாத ஐந்து வாக்குறுதிகளையும் அங்கே வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில், எந்தத் துறையில், எதற்காக நிற்கிறது என்று குறிப்பிட்டேன். சாலையைப் பற்றி ஒரு வரி சேர்த்து, அதைத் தொடங்கியவர் முந்தைய உறுப்பினர் என்றும் எழுதினேன். "இது அவர்கள் கையில் கிடைத்தால் ஒலிபெருக்கியில் படிப்பார்கள்" என்றார் நண்பர்.

மறுநாள் மாலையே படித்தார்கள். எதிர் வேட்பாளரின் வண்டி சந்திப்பில் நின்று என் பின்பக்கத்தை வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தபோது, நான் சற்றுத் தள்ளி மருந்துக்கடை நிழலில் நின்று கேட்டேன். நான்கு வரிகளைச் சரியாகவே வாசித்தார்கள். ஐந்தாவதில்தான், சுகாதார நிலையத்துக்கு இடமே கிடைக்கவில்லை என்று மாற்றிப் படித்தார்கள். இடம் கிடைத்துவிட்டது, கட்டடத்துக்குத்தான் நிதி வரவில்லை.